ஏவலும் சுட்டலும்

வேற்று மொழி வழங்கும் ஊர் ஒன்றிற்குச் சென்ற ஒருவர், அங்குள்ள கடைவீதியில் வாழைப்பழம் வாங்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவ்வூர் மொழியை அவர் அறிந்திருப்பின், ‘ஒரு சீப்புக் கொடுங்கள்’ என்று சொல்லால் ஏவுவார். அறியாராயின், பழத்தை விரலாற் சுட்டிக் காட்டுவார். இரு வழியிலும் பழம் கிடைக்கும். ஆயினும், கடையின் உட்புறத்தே மறைவாக வைக்கப்பட்டுள்ள பழத்தைச் சுட்டி வாங்குதல் இயலாது. நாளை வரவிருக்கும் பழத்தையும் அவ்வாறு கேட்டல் இயலாது. அவ்வாற்றல் சொல்லுக்கே உண்டு. கணினியை ஏவுவதிலும் இவ்விரு வழிகளே நெடுங்காலமாகப் போட்டியிட்டு வந்துள்ளன.

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே நடத்தி, மாந்தர் இடும் கட்டளையை அவற்றிற்கு எடுத்துரைக்கும் அடிப்படை நிரல்தொகுதிக்கு இயங்குதளம் என்பது பெயர். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தனியாட்கணினி ஒன்றை வெளியிட்டது. அதற்கென மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்த இயங்குதளம், எம்.எஸ்.டாஸ் என்னும் பெயரால் பிற நிறுவனங்களின் கணினிகளிலும் பரவிற்று. அக்கணினியின் முன் அமர்ந்தவர் கண்டது கருந்திரையும், அதில் ஓர் ஆங்கில எழுத்தும், அதனருகே கண் சிமிட்டும் சிறு கோடும் மட்டுமே. செய்ய வேண்டுவது யாது என்பதனை அத்திரை கூறாது. கட்டளைச் சொல்லை நினைவிலிருந்து எடுத்துத் தட்டச்சிட வேண்டும். ஓரெழுத்துப் பிழைப்பினும், ‘தவறான கட்டளை அல்லது கோப்பின் பெயர்’ என்னும் விடையே வரும். பிழை எவ்விடத்தது என்பதனைச் சொல்லாமல் விடைத்தாளைத் திருப்பித் தரும் கடுமையான ஆசிரியரை அது ஒத்திருந்தது. கோப்புக்குப் பெயரிடுவதிலும் தாராளம் இல்லை. பெயர் எட்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். புள்ளிக்குப் பின்னர் மேலும் மூன்றெழுத்துகள் வரலாம்.

சுட்டும் வழியோ இதற்கு முன்னரே அரும்பியிருந்தது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் டக்ளஸ் எங்கெல்பர்ட் என்னும் பொறியியலறிஞர், சான்பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பேரவையின் முன் ‘சுட்டி’ என்னும் கருவியை இயக்கிக் காட்டினார். இன்று யாவரும் மவுஸ் என்று வழங்குவது அதனையே. 1973-இல் சிராக்சு நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான ஆல்ட்டோ என்னும் கணினி, அச்சுட்டியையும் படம் காட்டும் திரையையும் ஒருங்கிணைத்தது. இவ்வழியைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்த பெருமை, 1984-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணினிக்கு உரியது. அதன் திரையில் கோப்புகள் சிறு தாள்களாகவும், அவற்றை வைக்கும் உறைகள் உறைகளாகவும், வேண்டாதவற்றை இடும் குப்பைத்தொட்டி தொட்டியாகவும் தோன்றின. செய்யத்தக்க செயல்களெல்லாம் பட்டியலாகக் கண்முன் விரிந்தன. மறந்த சொல்லை நினைவிற் கொணர்தலினும், எழுதி வைத்த சொல்லைக் கண்டு தெரிந்துகொள்ளுதல் எளிது அன்றோ? மெக்கின்டாஷின் எளிமை முழுவதும் இவ்வொன்றனையே அடித்தளமாகக் கொண்டது.

இவ்விரண்டற்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. இலக்கணம் பயில்வோர்க்கு அது சுவை பயப்பது. எம்.எஸ்.டாஸ் கட்டளை ஆங்கிலத் தொடரின் அமைப்பை உடையது. அதில் வினை முன்னும், செயப்படுபொருள் பின்னும் நிற்கும். ‘அழி’ என்னும் சொல் முதலில் வரும்; அழிக்கப்படும் கோப்பு பிறகே வரும். மெக்கின்டாஷில் முதலிற் கோப்பைச் சுட்ட வேண்டும். அதன் பின்னரே வினையைத் தெரிந்தெடுக்க வேண்டும். ‘கோப்பை அழி’ என்னும் தமிழ்த் தொடரின் வைப்புமுறையே இது. தமிழை எண்ணி எவரும் இவ்வாறு அமைத்தாரல்லர். பயன் கருதியே அமைத்தனர். பொருள் இன்னது என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அதற்குப் பொருந்தும் வினைகளை மட்டும் கணினி காட்டவியலும். சுட்டியவரும் மனம் மாறினால், வேறொன்றைச் சுட்டிவிட்டுப் போகலாம், கெடுவது யாதுமில்லை.

எனினும், மெக்கின்டாஷில் குறையே இல்லை எனல் பொருந்தாது. நெகிழ்வட்டினைக் கணினியிலிருந்து வெளியே எடுக்க, அவ்வட்டின் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் இடுதல் அங்கு வழக்காயிருந்தது. எழுதியவையெல்லாம் அழிந்துபோமோ என்று புதியோர் நடுங்கினர். அஃது அழியாது, வட்டு மட்டுமே வெளிவரும். அழித்தலுக்கு அடையாளமாகிய தொட்டியையே காத்தலுக்கும் அடையாளமாக்கியது பிழையே.

மெக்கின்டாஷின் விலை 2,495 டாலர்; ஆப்பிள் நிறுவனம் ஒன்றே அதனைச் செய்தது. எம்.எஸ்.டாஸ் இயங்கும் கணினிகளைப் பலர் செய்தமையின் அவை மலிந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 1985-இல் விண்டோஸ் என்னும் பெயரிற் சுட்டும் வழியை மேற்கொண்டது. 1990-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு பெரிதும் பரவிற்று. 1995-இல் வந்த பதிப்பு, திரையின் அடியில் ‘தொடங்கு’ என்னும் பொத்தானை வைத்தது. கணினியை நிறுத்துதற்கும் ‘தொடங்கு’ என்பதனையே அழுத்த வேண்டியிருந்தமை பலருக்கும் நகை விளைத்தது.

இரண்டனுள் எளியது யாது என்னும் வழக்கு, பட்டியல் இருக்கும் இடத்தைப் பற்றியும் எழுந்தது. மெக்கின்டாஷில் அது திரையின் மேல் விளிம்பில் இருக்கும். விண்டோசில் அந்தந்தச் சாளரத்தின் உள்ளே இருக்கும். இலக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு பெரிது என்னும் இரண்டனைப் பொறுத்தே அதனை அடையும் நேரம் அமையும் என்று பால் பிட்ஸ் என்னும் உளவியலறிஞர் 1954-இல் நிறுவினார். சுட்டுமுள் திரையின் விளிம்பைக் கடந்து செல்லாது. ஆதலின், கையை வேகமாக மேலே தள்ளினாலும் அது பட்டியலின் மீதே நிற்கும். சாளரத்தினுள் இருக்கும் பட்டியலுக்கோ குறி பார்த்தல் வேண்டும். ஆனால், திரை பெரிதாகும்போது விளிம்பு தொலைவாகிவிடும். இவ்வாறு அளந்து அறியத்தக்க வேறுபாடுகள் சிலவே. எஞ்சியவற்றுட் பல பழக்கத்தால் வருவன. சாளரத்தை மூடும் பொத்தான் மெக்கின்டாஷில் இடப்புறத்தும், விண்டோசில் வலப்புறத்தும் உள்ளது. ஒன்றிற் பழகியவர் மற்றொன்றை ‘அரிது’ என்கிறார். அவர் கை தேடிய இடத்தில் பொத்தான் இல்லை என்பதே அதன் பொருள்.

சொல்லால் ஏவும் வழியும் மடிந்தொழியவில்லை. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், யுனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் வழிவந்த கட்டளைச் சொற்களை ஏற்றது. ஆயிரம் படங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டுமெனின், ஒவ்வொன்றாகச் சுட்டுவோர் களைத்துப்போவர். சொல்லறிந்தவர் ஒரே வரியில் முடிப்பர். நள்ளிரவில் தானே நிகழ வேண்டிய செயலையும் அவர் முன்னரே எழுதி வைப்பர். கடையின் உட்புறத்துப் பழமும் நாளைய பழமும் அவர்க்கே கிட்டும். ஆனால், சொல்லிற் பிழை நேரின் அழிவும் அத்துணை விரைவில் நிகழும். அங்குக் குப்பைத்தொட்டி இல்லை.

சுட்டும் வழியின் வெற்றி ஒரு சாரார்க்குப் பெருந்துன்பமாயிற்று. எம்.எஸ்.டாஸ் திரையில் எழுத்துகள் எழுத்துகளாகவே கணினியின் நினைவகத்தில் இருந்தன. அவற்றை எடுத்து ஒலியாக்கும் நிரல்களின் துணையால், கண்பார்வையற்றோர் பலர் அலுவலகங்களிற் பணிபுரிந்து வந்தனர். படத்திரை வந்தபின் எழுத்தும் புள்ளிகளால் ஆகிய படமாயிற்று. ஒலியாக்கும் நிரலுக்குப் படிக்க ஒன்றும் இல்லாமற் போயிற்று. சுட்டுவோர்க்கோ காணுதல் இன்றியமையாதது. யாவர்க்கும் எளிது என்று போற்றப்பட்ட திரை, இவர்கள் கைவேலையைப் பறிக்கும் நிலைமை நேர்ந்தது. புள்ளிகளாக மாறுதற்கு முன்பே எழுத்தைக் கவர்ந்து வைத்துக்கொள்ளும் முறையால் இவ்விடர் மெல்ல நீங்கிற்று. 1989-இல் மெக்கின்டாஷுக்கு அவுட்ஸ்போக்கன் என்னும் நிரல் வந்தது. விண்டோசுக்கு 1995-இல் ஜாஸ் வந்தது. பார்வையிழந்தவராகிய டெட் ஹென்டர் என்பவரே ஜாசைத் தோற்றுவித்தவர். 2005-இல் ஆப்பிள் நிறுவனம் இத்தகைய நிரலைத் தன் இயங்குதளத்தினுள்ளேயே சேர்த்தது. 2006-இல் ஆஸ்திரேலியராகிய மைக்கேல் கரன், தாமும் பார்வையற்றவர், என்.வி.டி.ஏ. என்னும் நிரலை விலையின்றி வழங்கத் தொடங்கினார். அது தமிழ் உட்படப் பல மொழிகளில் வழங்குகிறது. அதனைக் கையாள்வோர் சுட்டியை நாடுவதில்லை. விசைகளால் ஏவிச் செவியாற் கேட்கின்றனர். திரை அணைந்திருப்பினும் அவர்தம் பணி தடைப்படுவதில்லை.