முன்னாள் படைவீரர்களும் ஃபிரான்சைஸ் கடைகளும்: அமெரிக்காவின் வரிச் சலுகைகள்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் பேர் படைப்பணியை முடித்து வெளியே வருகிறார்கள். ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 20 ஆண்டுப் பணி வேண்டும். பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே விலகிவிடுவதால் மாதம் பிறந்தால் கைக்கு வரும் ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை. வேறு பிழைப்பைத் தேடியாக வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினர் தேர்ந்தெடுக்கும் வழி ஃபிரான்சைஸ். பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரையும் தொழில்முறையையும் பயன்படுத்தும் உரிமையை வாங்கி, சொந்தப் பொறுப்பில் கடை நடத்துவதே அது. உரிமை தரும் நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். பிறகு விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தொடர்ந்து செலுத்தி வர வேண்டும்.

வகுத்துத் தந்த நடைமுறையைப் பிசகாமல் பின்பற்றுவதும், சிறு குழுவை வழிநடத்துவதும் படையில் பழகிய வேலைகள். ஃபிரான்சைஸ் கடைக்கும் அவைதான் அடிப்படைத் தேவை. 2007ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பை ஆராய்ந்த சர்வதேச ஃபிரான்சைஸ் சங்கம், நாட்டிலுள்ள ஃபிரான்சைஸ் கடைகளில் ஏழில் ஒன்று முன்னாள் படைவீரர்களுக்குச் சொந்தமானது என்று சொன்னது. அப்படிப்பட்ட கடைகள் சுமார் 66,000. மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு இதில் ஏறத்தாழ பாதிதான்.

பழக்கம் கைகொடுக்கும், முதலீடுதான் இடிக்கும். தொடக்கக் கட்டணம் பல நிறுவனங்களில் 20,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கிறது. இடம், கருவிகள், சரக்கு, முதல் சில மாதச் சம்பளம் எல்லாம் தனி. இந்தச் சுமையைக் குறைக்க முதலில் முன்வந்தது தனியார் துறை. வளைகுடாப் போரிலிருந்து வீரர்கள் திரும்பிய 1991இல், டெக்சாஸைச் சேர்ந்த தொழிலதிபர் டான் டுவையர் 'வெட்ஃபிரான்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதில் சேரும் நிறுவனங்கள் முன்னாள் வீரர்களுக்குத் தொடக்கக் கட்டணத்தில் தள்ளுபடியோ வேறு சலுகையோ தர ஒப்புக்கொள்கின்றன. இன்று சர்வதேச ஃபிரான்சைஸ் சங்கம் நடத்தும் இத்திட்டத்தில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இருக்கின்றன.

வரிச் சட்டம் இதே கட்டணத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. ஃபிரான்சைஸ் உரிமைக்குக் கொடுத்த பணத்தை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, அதை 15 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துத்தான் கழிக்கச் சொல்கிறது. 30,000 டாலர் கட்டியவர் ஆண்டுக்கு 2,000 டாலரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அவர் 12 சதவீத வரி கட்டுபவரானால் ஆண்டுக்கு மிஞ்சுவது 240 டாலர். முதல் ஆண்டில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் திண்டாடும் ஒருவருக்கு இது எந்த மூலைக்குப் போதும்? கடை திறப்பதற்கு முன் ஆகும் பிற ஆயத்தச் செலவுகளில் 5,000 டாலர் வரை முதல் ஆண்டிலேயே கழிக்க 195ஆம் பிரிவு இடம் தருகிறது. மீதியை 180 மாதங்களில் கழிக்க வேண்டும். இவை எல்லாத் தொழில்முனைவோருக்கும் பொதுவான விதிகள். படையில் பணியாற்றியதற்காக இவற்றில் எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

இந்தக் குறையைப் போக்கத்தான் முன்னாள் வீரர்கள் ஃபிரான்சைஸ் பெற உதவும் சட்ட முன்வடிவு அமெரிக்க காங்கிரஸுக்கு வந்தது. 2011இல் செனட்டில் பாப் கேசியும், பிரதிநிதிகள் சபையில் ஆரோன் ஷாக், லெனர்ட் பாஸ்வெல் ஆகியோரும் அதை முன்னெடுத்தனர். இரு கட்சியினரும் அதில் கைகோத்திருந்தார்கள். அது கேட்டது வருமானக் கழிவு அல்ல, வரி வரவு. கழிவு, வரிக்கு உட்படும் வருமானத்தைக் குறைக்கிறது. வரவு, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழிகிறது.

அதன் அமைப்பு இரு தரப்புக்கும் பலன் தருவதாக இருந்தது. முன்னாள் வீரருக்குத் தள்ளுபடி தரும் நிறுவனத்துக்கு, அந்தத் தள்ளுபடியில் பாதி வரி வரவாகக் கிடைக்கும். அதற்கு 25,000 டாலர் உச்சவரம்பு. தள்ளுபடி போக வீரர் கட்டும் கட்டணத்தில் 25 சதவீதம் அவருக்கு வரி வரவு. கட்டணம் 40,000 டாலர், தள்ளுபடி 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்துக்கு 5,000 டாலர் திரும்பும். வீரர் 30,000 டாலர் கட்டி, 7,500 டாலர் வரவு பெறுவார். முடிவில் அவர் கையிலிருந்து போவது 22,500 டாலர். அரசு விட்டுக்கொடுப்பது 12,500 டாலர்.

கணக்கு கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் அது தடுக்குகிறது. இத்தகைய தொழில் வரி வரவுகள் பொதுவாக ரொக்கமாகத் திரும்புவதில்லை. வரி கட்ட வேண்டியிருந்தால்தான் பயன்படும். உடல் ஊனத்துக்காக வீரர்களுக்கு வழங்கப்படும் உதவித்தொகைக்கு அமெரிக்காவில் வரி கிடையாது. அதை நம்பி வாழ்கிறவருக்கு, கடை லாபம் காணும்வரை வரவை ஈடுகட்டப் போதிய வரி இருக்காது. பயன்படாத தொழில் வரவை 20 ஆண்டு வரை முன்கொண்டு செல்லச் சட்டம் அனுமதிக்கிறது என்றாலும், முதல் ஆண்டிலேயே நொடித்துப்போகும் கடைக்கு அதனால் என்ன பயன்? அடுத்தது, கட்டணத்தை முதலில் கட்டியாக வேண்டும், வரவு பிறகுதான். கையில் பணம் உள்ளவருக்கு இச்சலுகை விரைவில் எட்டும், இல்லாதவருக்கு எட்டாது. உண்மையில் உதவி தேவைப்படுகிறவர் இரண்டாமவர்தான். தவிர, வெட்ஃபிரான் நிறுவனங்கள் ஏற்கெனவே தம் விருப்பத்தால் தள்ளுபடி தருகின்றன. தானாகக் கிடைப்பதற்கு அரசு பணம் கொடுப்பானேன் என்ற கேள்வியும் நியாயமானதே.

முன்வடிவு சட்டமாகவில்லை. பின்னர் வேறு பெயரில் வந்த இதுபோன்ற முயற்சிகளும் நிறைவேறவில்லை. 2001க்குப் பின் பணியாற்றிய வீரர்களிடையே வேலையின்மை 2011இல் 12.1 சதவீதம். அந்த நவம்பரில் காங்கிரஸ் வேறொரு சலுகையை நிறைவேற்றியது: நீண்ட நாள் வேலையில்லாமல் இருந்த, பணிக்காலத்தில் ஊனமுற்ற வீரரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு 9,600 டாலர் வரை வரி வரவு. 2020இல் செய்த நீட்டிப்பின்படி 2025 டிசம்பர் 31 வரை பணியில் சேர்ந்தோருக்கு இது பொருந்தியது. வேலை கொடுப்பவருக்குச் சலுகை கிடைத்தது. தானே முதலாளியாக விரும்பிய வீரருக்குக் கிடைக்கவில்லை. அவர் தன் கடையில் இன்னொரு வீரரைச் சேர்த்தால் அதைக் கேட்கலாம், தனக்காகக் கேட்க முடியாது.

மாநில அளவில் டெக்சாஸ் ஒரு வழி காட்டியது. முழுக்க முன்னாள் வீரர்களுக்கே சொந்தமான புதிய நிறுவனங்களுக்கு, மாநிலம் தொழில்கள் மீது விதிக்கும் வரியிலிருந்து முதல் ஐந்து ஆண்டுகளுக்கு விலக்கு அளித்தது. 2016 முதல் நடப்புக்கு வந்த இது, இடையில் காலாவதியாகி, 2022 முதல் 2025 வரை தொடங்கிய நிறுவனங்களுக்காகப் புதுப்பிக்கப்பட்டது. ஃபிரான்சைஸ் கடை மட்டுமல்ல, எந்தத் தொழிலும் இதில் அடங்கும்.

முதலீட்டுத் தேவைக்கு வரிச் சலுகையைவிட நேராக உதவுவது கடன்தான். சிறுதொழில் நிர்வாகத் துறை வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தந்து, அதற்கென ஒரு கட்டணம் வாங்குகிறது. விரைவுக் கடன் பிரிவில் முன்னாள் வீரர்களுக்கு அக்கட்டணம் இல்லை என்று 2015இல் சட்டமே வந்தது. 'பூட்ஸ் டு பிசினஸ்' என்ற பயிற்சியையும் அத்துறை பணிவிலகும் வீரர்களுக்கு இலவசமாக நடத்துகிறது.

எந்தச் சலுகையானாலும் நலிந்த ஃபிரான்சைஸை நல்ல ஃபிரான்சைஸாக்க முடியாது. தள்ளுபடியை முன்னிறுத்தி மோசமான வாய்ப்பை விற்கும் ஆபத்து எப்போதும் உண்டு. மத்திய வர்த்தக ஆணைய விதிப்படி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு அல்லது பணம் வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பாகவே, 23 தலைப்புகள் கொண்ட தகவல் ஆவணத்தை நிறுவனம் தர வேண்டும். அதன் 20ஆம் தலைப்பில் திறந்த கடைகள், மூடிய கடைகள், கைமாறிய கடைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும், இப்போது நடத்துகிறவர்கள், அண்மையில் விலகியவர்கள் ஆகியோரின் தொடர்பு விவரங்களும் இருக்கும். வருமானத்தைப் பற்றி நிறுவனம் ஏதேனும் சொல்வதானால் அது 19ஆம் தலைப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே இல்லாத வாய்மொழி உறுதிகளை நம்பி வீரர் கையெழுத்துப் போடக்கூடாது.