கல்லும் களியும் கலந்த மலைமண்

தோட்டப் பாட்டாளி மக்களுக்கு மண்ணைப் பற்றிப் பாடம் நடத்த யாருக்குத் தகுதி இருக்கிறது? காடு வெட்டி, கான் வெட்டி, கன்று நட்டு, காலமெல்லாம் மண்ணோடு பழகிய சமூகம் நம் சமூகம். கிள்ளான், பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கடலோரக் களிமண். மழை பெய்தால் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். பெட்டாலிங் ஜெயா பக்கம் செம்மண் மேடு. 1950-களில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் இடத்தில் எழுந்த ஊர்தான் அது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

ஆனால், குளிர்மலைக் காட்டில் இருக்கும் மண் வேறு ரகம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். இலங்கை மலையகத்திலும், மூணாற்றிலும், வால்பாறையிலும் அதே போன்ற மலைச்சரிவுகளில் லயம் கட்டி வாழ்பவர்கள் நம் இனத்தவர்களே. அந்த மண்ணின் குணத்தைத் தெரிந்துகொள்வது விவசாயக் கணக்கு மட்டுமல்ல. உயிரைக் காக்கும் விஷயம்.

மேலே கறுப்பு, கீழே மஞ்சள்

கேமரன் மலை தித்திவாங்சா மலைத்தொடரில் இருக்கிறது. அதன் அடிப்பாறை பெரும்பாலும் கருங்கல். மழையும் காற்றும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கல்லைத் தின்று வந்திருக்கின்றன. கருங்கல்லின் ஒரு பகுதி மாவாக உளுத்துக் களியாகிறது. கண்ணாடித் துண்டு போல் மின்னும் இன்னொரு பகுதி கரையாமல் மணலாக நின்றுவிடுகிறது. முழுதும் உளுக்காத கற்கள் உருண்டை உருண்டையாக மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. மஞ்சளும் சிவப்புமாகத் தெரிகிற நிறம் இரும்புத் துருவின் நிறம். இதுதான் கல்லும் களியும் கலந்த மலைமண்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். முறுக்குப் பிழிந்தது போல் நீளமாகத் திரிக்க வந்தால் களி அதிகம். திரிக்கும்போதே விரலில் நறநறவென்று உறுத்தினால் மணலும் சிறு கல்லும் கலந்திருக்கிறது என்று பொருள்.

இந்த மஞ்சள் மண்ணுக்கு மேலே ஒரு கறுப்புப் படுக்கை உண்டு. கீழ்நாட்டுத் தோட்டத்தில் உதிர்ந்த இலை சீக்கிரமே மக்கி மறைந்துவிடும். கேமரன் மலையில் சராசரி வெப்பம் சுமார் 18 பாகைதான். குளிரில் மக்கும் வேலை மெதுவாக நடக்கிறது. ஆகவே இலையும் பாசியும் சருகும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மெத்தை போலாகிவிடும். சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை உச்சியின் பாசிக்காட்டில் கால் வைத்தால் தரை அமுங்கும். மழைத் தண்ணீரைப் பஞ்சு போல் உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது இந்தப் படுக்கைதான்.

காட்டின் சத்தில் பெரும்பங்கு இந்தக் கறுப்பு மண்ணில்தான் இருக்கிறது. கீழே உள்ள களியில் சத்துக் குறைவு, புளிப்பு அதிகம். மண்ணின் புளிப்பை அளக்கும் கணக்கில் 7 என்பது நடுநிலை. மலைக்காட்டு மண் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். தேயிலைக்கு இந்தப் புளிப்பு பிடிக்கும். கேமரன் மலையில் 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் செழித்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் அது ஒத்து வராது. அதனால்தான் காய்கறித் தோட்டக்காரர்கள் சுண்ணாம்பும் கோழி எருவும் கொட்டுகிறார்கள்.

காட்டை வெட்டினால் என்ன ஆகும்?

மரம் போனால் கறுப்பு மண் முதலில் போகும். நேராக மழை அடித்தால் அதற்குத் தாக்குப்பிடிக்காது. மஞ்சள் களி வெளியே வந்ததும் ஓடை நீர் பால்டீ நிறமாகிறது. வரிசை பிடித்து நட்டு முற்றிய தேயிலை ஓரளவு தரையை மூடிக் காக்கும். கவ்வாத்து வெட்டிய பிறகு தரை திறந்து கிடக்கும் மாதங்களில்தான் ஆபத்து. வெட்டிய கிளையையும் இலையையும் அங்கேயே பரப்பி வைக்கச் சொல்வது அதனால்தான். செங்குத்துச் சரிவில் வெறும் தரையாகக் கிடக்கும் காய்கறித் தோட்டத்தில் மண் இழப்பு தேயிலைத் தோட்டத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

இதற்குச் சாட்சி ரிங்லெட்டில் இருக்கிறது. மின்சாரத்துக்காக 1963-ல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியில் மேலேயிருந்து அடித்து வந்த மண் நிரம்பிக்கொண்டே வந்தது. மண் நிரம்பினால் தண்ணீருக்கு இடம் ஏது? 2013 அக்டோபர் 23-ல் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மலையில் வெட்டிய காடு பள்ளத்தில் சேறாக வந்து நின்றது.

தண்ணீர் உள்ளே போனால்

காய்ந்த களி கல்லையும் மணலையும் இறுகப் பிடித்திருக்கும். அப்போது மம்பட்டி கூட இறங்காது. மழைநீர் கல் சந்துகளின் வழியே உள்ளே இறங்குகிறது. களியோ அதைச் சீக்கிரம் வெளியே விடுவதில்லை. நாள் கணக்கில் மழை பெய்தால் மண்ணின் பாரம் ஏறிக்கொண்டே போகும். உள்ளே தேங்கிய தண்ணீர் மண்துகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். பாரம் கூடி, பிடி தளர்ந்தால் சரிவு முழுவதும் ஒரே மூச்சில் கிளம்பிவிடும். மரவேர் மேல்மண்ணைத் தைத்து வைத்திருக்கும். அதற்கும் கீழே ஆழத்தில் வழுக்கினால் வேரால் தடுக்க முடியாது.

இன்னொரு சங்கதி. மலைமண்ணில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இருந்த இடத்திலேயே பாறை உளுத்து உண்டானது. மற்றொன்று, பழைய காலத்தில் மேலேயிருந்து சரிந்து உருண்டு வந்து பள்ளத்தில் குவிந்தது. இரண்டாவது வகையில் கல்லும் களியும் தாறுமாறாகக் கலந்திருக்கும். அந்த இடம் பார்க்கக் கொஞ்சம் சமதளமாகவும், பக்கத்தில் ஊற்று நீர் உள்ளதாகவும் இருக்கும். லயம் கட்ட வசதியான இடம்! ஆனால் ஒரு முறை சரிந்து வந்த மண் மறுமுறையும் நகரக் கூடும்.

இலங்கை பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29-ம் தேதி காலையில் நடந்தது இதுதான். கல்லும் களியும் கலந்து குவிந்திருந்த சரிவு மழையில் ஊறிக் கிளம்பி, தோட்ட லயங்களை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லேயே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, மாற்று வீடு வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழை கொட்டியபோது இலங்கை மலையகத்தில் பல இடங்களில் மீண்டும் மண் சரிந்து ஏராளமானோர் மாண்டார்கள்.

மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு லயங்களில் தூங்கியவர்கள் 70 பேர் பலியானார்கள். பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சரிவு தொடங்கியது லயத்துக்குப் பக்கத்தில் அல்ல, வெகு மேலே. ஓடைப் பள்ளத்தின் வழியே கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு அது இறங்கியது. தொலைபேசி வேலை செய்யவில்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் சேதி தெரிந்தது.

நம் சிலாங்கூரிலும் நடந்திருக்கிறது. 2022 டிசம்பர் 16-ம் தேதி பின்னிரவில் பத்தாங்காலியில், கெந்திங் மலைக்குப் போகும் சாலையோரம், கூடாரம் போட்டுத் தூங்கியவர்களில் 31 பேர் மண்ணுக்குள் போனார்கள்.

"நம்ம தாத்தா காலத்துலேருந்து இந்த லயம் இருக்கு, ஒண்ணும் ஆகலியே!" என்று சொல்வோர் உண்டு. தாத்தா காலத்தில் மேலே காடு இருந்தது. பின்னால் மேட்டை வெட்டி ரோடு போடவில்லை. அன்று நின்ற மண் இன்றும் நிற்கும் என்பதற்கு யார் ஜவாப்தாரி?

மண் சொல்லும் அடையாளங்கள்

சரிவின் குறுக்கே புதிதாக வெடிப்பு விடுவது. மரமும் விளக்குக் கம்பமும் சாய்வது. நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த கதவு திடீரென்று இறுகுவது. சுவரிலும் தரையிலும் கீறல் பெரிதாவது. இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது. தெளிந்து வந்த ஊற்று கலங்குவது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது. சிறு கற்கள் உருள்வது. மேலே உறுமல் சத்தம் கேட்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமான் செட்டை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். ஓடை வழியே கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி மேடான இடத்துக்குப் போக வேண்டும். பிறகு 999-க்குக் கூப்பிடுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. லயத்துக்குப் பின்னால் உள்ள கானைத் தூர்வாரி வையுங்கள். குளியலறைத் தண்ணீரைச் சரிவில் விடாதீர்கள். வீட்டை நீட்டிக்கட்ட மேட்டின் அடியை வெட்டாதீர்கள். வெட்டிய மேட்டில் வெட்டிவேர் நடலாம். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்கு வேர் விடும் இந்தப் புல்லை உலகத்துப் பொறியாளர்கள் நம் தமிழ்ப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ஆனால் மலையைத் தாங்கிப் பிடிப்பது தொழிலாளி ஒருவனின் வேலை அல்ல. சரிவைச் சோதிப்பதும், ஆபத்தான லயத்தை மாற்றிக் கட்டுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பொதுப்பணி இலாகாவில் சரிவுகளைக் கவனிக்கவே 2004 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. வெடிப்பைக் கண்டால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த லயம், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதி தொழிற்சங்கத்துக்கு, ஒரு பிரதி தொழிலாளர் இலாகாவுக்கு. மீரியபெத்தையில் எச்சரிக்கை காகிதத்திலேயே தங்கிவிட்டது. நம் லயத்தில் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது நாம் ஒன்றாக நின்று கேட்பதில்தான் இருக்கிறது, தோழர்களே!