முகச்சுருக்கத்துக்கு மூலிகை: எது கேட்கும், எது சுடும்?

நாற்பதை நெருங்கும்போது கண்ணோரத்தில் கோடு விழுகிறது. கன்னத்தில் மங்கு படர்கிறது. சிலர் ‘ஆயுர்வேதிக்’ என்று அச்சிட்ட சீரம் வாங்குகிறார்கள், சிலர் நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி அரைத்துப் பூசுகிறார்கள். மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை இருவருக்கும் பொது. அந்த நம்பிக்கையால் தோல் வெந்தவர்கள் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களும் உண்டு. ஆனால் தோலுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் பொருள்கள் சில மூலிகைகளில் இருக்கின்றன. ‘மூலிகை’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வடிவில் என்று கேட்கப் பழகினால் அவற்றை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வயதைவிட வெயில்

உங்கள் மேல்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஆனால் புறங்கை முதுமையாகத் தெரியும். வெயிலில் உள்ள புற ஊதா ‘ஏ’ கதிர்கள் தோலின் ஆழத்துக்குப் போய், தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜனைச் சிதைக்கின்றன. ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வருவதால் பஸ்ஸிலும் காரிலும் உட்கார்ந்திருந்தாலும் அவை நம்மைத் தொடும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், நினைத்தபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24% குறைவாகவே மூப்படைந்திருந்தது. எந்த மூலிகைக் கிரீமுக்கும் இவ்வளவு பேரிடம் இவ்வளவு காலம் சோதித்த சான்று இருப்பதாக நான் படித்ததில்லை. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வெயிலைத் தடுத்துவிடும் என்று நம்பி சன்ஸ்கிரீனைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பழைய நூலில் இருப்பது

சரக சம்ஹிதை மருந்துச் சரக்குகளைப் பத்துப் பத்தாக ஐம்பது தொகுதிகளாக வகுத்திருக்கிறது. முதுமையைத் தள்ளிப்போடும் தொகுதியில் சீந்தில், கடுக்காய், நெல்லி, வல்லாரை, மூக்கிரட்டை ஆகியவை வருகின்றன. நிறம் தரும் தொகுதியில் சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிட்டி, நன்னாரி இருக்கின்றன. இந்தத் தொகுதிகளுக்கு மகாகஷாயம் என்றே பெயர்.  முதுமையைத் தள்ளிப்போடும் சரக்குகள் உணவு, உறக்கம், ஒழுக்கம் எல்லாம் சேர்ந்த ‘ரசாயனம்’ என்ற ஆயுர்வேத சிகிச்சையின் ஒரு பகுதி. அதே பெயரை எடுத்து கிரீம் டப்பாவில் ஒட்டிவிட்டால் அந்தப் பலன் அப்படியே வந்துவிடாது.

கார்போகரிசியின் இரண்டு முகங்கள்

நம் குளியல் பொடியில் சேரும் கரிய, சப்பையான விதை கார்போகரிசி. ஆயுர்வேதத்தில் பாகுசி. வெண்புள்ளி நோய்க்கு இதைக் கொடுத்து, புள்ளிகளில் வெயில் படச் செய்வது பழைய சிகிச்சை. விதையில் இருக்கும் சோரலென் என்ற பொருள் புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு தோலில் நிறமியைத் தூண்டும். வைத்தியர் அளந்து கொடுத்தால் அது மருந்து. நாமே அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு வெயிலில் இறங்கினால் கொப்புளம் போடும். ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கறுத்தே கிடக்கும். உள்ளுக்குச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

இதே விதையில் பகுச்சியால் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. பிரிட்டனின் தோல் மருத்துவ இதழ் ஒன்று 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 44 பேர் பங்கேற்றார்கள். 12 வாரங்கள் ஒரு சாரார் 0.5% பகுச்சியாலைத் தினம் இருவேளையும், மற்றவர்கள் சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினாலை 0.5% அளவில் தினம் ஒருவேளையும் பூசினார்கள். சுருக்கமும் கருமையும் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம். 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மருத்துவர்கள் எழுதித் தரும், ரெட்டினால் வகையையே சேர்ந்த ட்ரெட்டினாயினுக்கு இருப்பதுபோல் பல பத்தாண்டு அனுபவம் இதற்கு இல்லை. ஆனாலும் ரெட்டினால் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

தரமான சீரத்தில் வருவது சோரலெனை நீக்கிப் பிரித்தெடுத்த பகுச்சியால். கடைப் பொடியில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பகுச்சியாலின் பெருமையைப் படித்துவிட்டு விதைப்பொடி வாங்கிக் குழைத்துப் பூச வேண்டாம்.

வல்லாரையும் அதிமதுரமும்

வல்லாரையில் உள்ள ஏஷியாட்டிகோசைட், மேடகாசோசைட் ஆகியவை கொலாஜனை உருவாக்கும் செல்களைத் தூண்டுவது ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது. காயம் ஆற்ற இதைப் பயன்படுத்தும் வழக்கத்துக்கும் அதுவே அடிப்படை. வெயிலில் வாடிய தோல் கொண்ட 20 பெண்களிடம் 5% வைட்டமின் சி, 0.1% மேடகாசோசைட் சேர்ந்த கிரீமை 6 மாதம் சோதித்தபோது சுருக்கமும் தளர்ச்சியும் குறைந்தன.

அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின் மெலனின் உருவாவதைத் தணிக்கும். மங்கு உள்ளவர்களுக்குப் பூச்சாக உதவும். அதையே நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும்.

நெல்லிக்காயைத் தின்பதே நல்லது. சாற்றை முகத்தில் தடவுவதால் பெரிய பயன் இல்லை. வைட்டமின் சி காற்றிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் கெட்டுவிடும்.

அடுப்படிப் பூச்சுகள்

கடலை மாவு, தயிர், கற்றாழை எல்லாம் தோலைச் சுத்தமாக்கும், குளிர்விக்கும். சுருக்கத்தைப் போக்காது. எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலும் சோரலென் வகைப் பொருள் உண்டு; பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருமை படியும். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்கின் பொடியும் விற்கிறார்கள் என்பதால், முழுக் கிழங்காகத் தெரிந்த கடையில் வாங்கி அரைப்பது மேல். குங்குமாதி தைலம் நல்லெண்ணெயில் காய்ச்சுவது. வறண்ட தோலுக்கு இதமாக இருக்கும், பரு வரும் முகத்துக்கு ஆகாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேரளத்தின் மலப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு வந்தது அந்நோயின் அரிய வகை. அவர்களில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்த பாதரசத்தின் மீதே சந்தேகம் விழுந்தது. சில நாளிலேயே முகம் வெளுக்கிறது என்றால் மகிழாதீர்கள். அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம். உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் இல்லாத டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வாட்ஸ்அப்பில் விற்கும் ‘பாட்டி கைப்பக்குவம்’ கிரீமுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

பூசும் முன்

புதிய பூச்சு எதையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் தொடங்கி, மூன்று மாதமாவது பொறுத்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் ரெட்டினாலைத் தவிர்க்க வேண்டும். பகுச்சியால் பாதுகாப்பானது என்று விளம்பரம் சொன்னாலும் கர்ப்பிணிகளிடம் போதிய சோதனை நடக்கவில்லை. பரவும் கருமை, நிறமோ வடிவமோ மாறும் மச்சம், ஆறாத புண் இவற்றோடு தோல் மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் பூசிவரும் பொடி, தைலம், கிரீம் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள்.