மலிவான பாராங் கத்தியும் நம் முழங்காலும்



சில காலத்துக்கு முன்பு சங்க வேலையாகப் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. லயத்து வாசலில் நமக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டு.

"என்ன அண்ணே ஆச்சு?"

"பாராங்கு தம்பி. பிடி ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஓங்கி வெட்டுனேன், கழண்டு வந்து இறங்கிடுச்சு. பதினோரு தையல்."

கத்தி எங்கே வாங்கியது என்று கேட்டோம். பாசார் மாலாமில், 25 வெள்ளிக்கு. சொக்சோவுக்கு எழுதினார்களா என்று கேட்டோம். எழுதவில்லையாம். "அது உன் சொந்தக் கத்தி, தோட்டத்துக் கத்தி இல்லையே" என்று ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைவிட நம்மை வருத்தியது அந்த அண்ணன் சொன்னதுதான்: "அதுவும் நியாயந்தானே தம்பி, கத்தி என்னோடதுதானே."

நியாயமே இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறோம். முதலில் கத்தியைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் அந்த லயத்தில் வீட்டுக்கு ஒரு கத்தி வெளியே எடுத்து வரச் சொன்னோம். ஒன்பது கத்திகள் வந்தன. அவற்றில் ஐந்தில் பிடி ஆடியது. இரண்டு, கடையில் வாங்கிய நாளில் இருந்த வாயோடு அப்படியே மொட்டையாக இருந்தன.

மலிவுக் கத்தி என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். நம் பெரியவர்கள் கம்பத்துக் கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் தகட்டைக் காய்ச்சி அடிக்கச் சொல்லி வாங்கிய பாராங்குகள் இருபது, முப்பது வருஷம் உழைத்தன. அது பழைய இரும்புதான். ஆனால் நல்ல எஃகு. இப்போது கடையில் தொங்கும் கத்திகளிலும் எஃகு சுமாராக இருப்பவை உண்டு. பிரேசில் நாட்டு டிராமொண்டினா விலை குறைந்ததுதான், உலகம் முழுக்க அதை வைத்துத்தான் காடு வெட்டுகிறார்கள். விலை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் எஃகு இல்லை. தீட்டுகிற வேலையையும் பிடி பூட்டுகிற வேலையையும் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். அந்த மீதி வேலையை வாங்கியவன்தான் செய்துகொள்ள வேண்டும். செய்யாமல் காட்டுக்குப் போனால் வம்பு.

கடையிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பிடியிலிருந்து நுனி வரை வாயை நோக்குங்கள். வளைவு நெளிவு தெரிந்தால் வேறு கத்தி எடுங்கள். பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு அலகை நகத்தால் சுண்டுங்கள். 'டிங்' என்று இழுத்து ஒலித்தால் நல்லது. 'டக்' என்று செத்த சத்தம் வந்தால் பிடி சரியாக உட்காரவில்லை, அல்லது எங்கோ விரிசல். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போகிறதா, பாதியோடு நின்றுவிட்டதா என்றும் பாருங்கள். பாதியோடு நிற்பதை ஓங்கி வெட்டும் வேலைக்கு நாம் வாங்கமாட்டோம். வாயோரத்தில் நீலம் பாரித்திருந்தால், சாணை பிடிக்கும்போது சூடேறி எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடம் எத்தனை தரம் தீட்டினாலும் மடங்கிக்கொண்டே இருக்கும். தவுக்கே கொஞ்சம் முறைப்பார். முறைக்கட்டும், காசு நம்முடையது.

லாலாங்குக்கும் ஆட்டுத் தழைக்கும் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய அலகு போதும், கை அசராது. கட்டை, மூங்கில், பெலுக்கார் வெட்ட 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் முதுகு கனத்த கத்தி வேண்டும். மேட்டுக்காட்டில் நிற்பவர்கள் 14 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சரிவில் கால் வழுக்கும்போது நீளக் கத்திதான் முதலில் நம் மேல் திரும்பும்.

இனி வாய். புதுக் கத்தியின் வாய் பெரும்பாலும் தடித்து, மொண்ணையாக இருக்கும். அதை மோட்டார் சாணையில் கொடுத்து 'சர்ர்'ரென்று பொறி பறக்கப் பிடித்து வாங்குவது நம் ஆட்களின் பழக்கம். அதில்தான் நீலம் பாரிக்கிறது. அரம் போதும். ஒரு சாயங்கால வேலை. கத்தியைப் பலகையில் ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். கையில் தடித்த உறை போடுங்கள். அரத்துக்கும் ஒரு மரப்பிடி போட்டுக்கொள்ளுங்கள், வெறும் அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறும். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள்.

எத்தனை சாய்வு என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் ஒரு காகிதம் வாங்குங்கள். அதன் மூலை 90 பாகை. ஒரு தரம் மடித்தால் 45, இன்னொரு தரம் மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பின் சாய்வில் அரத்தைப் பிடித்தால் பக்கத்துக்குப் பக்கம் சரியாக வரும். புல்லுக்கு மட்டும் என்றால் இன்னும் கொஞ்சம் படுக்கவைக்கலாம். கட்டை வெட்டும் கத்தியை அதற்கு மேல் மெலிதாக்கினால் வாய் உடைந்து பல்லாகிவிடும்.

ஒரு பக்கம் ராவிக்கொண்டே வந்தால் மறுபக்கம் மயிர்போல் ஒரு பிசிறு எழும். கட்டைவிரலை வாயின் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள். பிசிறு நுனி வரை வந்த பிறகு மறுபக்கம் திருப்புங்கள். கடைசியில் தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் பிசிறு போய்விடும். கைமயிரை மழித்துக் காட்டும் வித்தையெல்லாம் வேண்டாம். விரல் பருமன் பச்சைக் குச்சியைச் சாய்வாக ஒரே வெட்டில் துண்டாக்கினால் போதும்.

நாம் கற்றுக்கொண்ட இன்னொன்று: பிடிக்கு முன்னால் இரண்டு அங்குலத்தைத் தீட்டாமல் மொண்ணையாகவே விடுங்கள். அந்த இடத்தால் யாரும் வெட்டுவதில்லை. வியர்வையில் கை முன்னே வழுக்கினால் விரல் தப்பும்.

பிடிதான் அந்த அண்ணனைப் படுக்கவைத்தது. ஆடும் ஆணியைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினால் இறுகும். இறுகவில்லையா? பழைய ஆணியைத் துளைபோட்டு எடுத்துவிட்டு நட்டும் போல்ட்டும் பூட்டி, நீட்டியிருப்பதை வெட்டி ராவிவிடுங்கள். இரண்டு வெள்ளிச் செலவு. பிடியின் பளபளப்பான வார்னிஷை மணல்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள், மழையில் அதுதான் வழுக்குகிறது. மேலே பழைய சைக்கிள் டியூப்பை ஓர் அங்குலப் பட்டையாக அறுத்து, இழுத்துப் பிடித்துச் சுற்றலாம். மாதம் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்று இரும்பைத் தின்றுகொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மணிக்கட்டில் கயிற்று வளையம் மாட்டிக்கொள்வதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். கை நழுவிய கத்தி தூரப் போய் விழட்டும். கயிற்றில் தொங்கினால் நம் காலுக்கே சுழன்று வரும்.

உறைக்கு இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்று போதும். கொதிநீரில் போட்டால் இளகும். உறை போட்ட கையால் எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் தட்டையாக அழுத்தி ஆறவிட்டால் கத்திக்கு வீடு தயார். நெருப்பில் நேராகக் காட்டாதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: மருந்து டின்னைத் திறந்த கத்தியால் மரவள்ளிக்கிழங்கு நறுக்காதீர்கள். ஆட்டுத் தழைக் கத்திக்கு என்ஜின் எண்ணெயும் பூசவேண்டாம்.

இப்போது அந்த ஆபீஸ் பேச்சுக்கு வருவோம். 1969-ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டத்தில், கருவி யாருடையது என்று பார்த்துத்தான் இழப்பீடு என்று இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயமா என்பதுதான் கேள்வி. யார் தவறு என்ற பேச்சே அதில் இல்லை. விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சான்று நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்குத் தினச்சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்து இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் சொல்லுங்கள்.

கத்தியை நாமே ஏன் வாங்குகிறோம் என்பது அடுத்த கேள்வி. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தில்லாத சாதனங்களைக் கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. கைக்கருவியும் அதில் அடக்கம். அந்தச் சட்டப்படி கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பிடி ஆடும் கத்தியை மண்டோரிடம் காட்டுங்கள். வாயால் மட்டும் சொல்லாமல் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாம் தீட்டக் கற்றுக்கொள்வது நம் காலைக் காப்பாற்ற. முதலாளியின் செலவை மிச்சப்படுத்த இல்லை. சம்பளச் சீட்டில் 'கத்தி' என்று ஏதாவது பிடித்திருந்தால் அந்தச் சீட்டைத் தூக்கிப்போடாமல் சங்கக் கிளைக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த அண்ணனின் மருத்துவச் சீட்டுகளையும், தையல் போட்ட தேதியையும், கூட வேலை செய்த இருவரின் வாக்குமூலத்தையும் சேர்த்து அன்று மாலையே எழுதினோம். சொக்சோ படிவம் ஆபீசிலிருந்து கையெழுத்தாகி வர மூன்று வாரம் ஆனது. பணம் வந்தது.

கடைசியாக ஒன்று. நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் பாராங் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுமையான குற்றம், சிறைத் தண்டனை உண்டு. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் உறையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டி, நேராகப் போய் நேராக வாருங்கள். வழியில் டவுனுக்குப் போகிற வேலை இருந்தால் முதலில் வீட்டுக்கு வந்து கத்தியை வைத்துவிட்டுப் போங்கள்.