‘குழந்தை தலையில தண்ணி இருக்காம்’

புதுச்சேரியை ஒட்டிய குயிலாப்பாளையத்துக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியைவிட புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைதான் கிட்டம். எங்கே ஸ்கேன் எடுத்தாலும், அஞ்சாம் மாச ரிப்போர்ட்டோடு வரும் பெண்ணைக் கலங்க வைக்கும் வாக்கியம் ஒன்றுதான்: “குழந்தை தலையில தண்ணி இருக்காம்.”

மூளைக்குள் தண்ணீர் இல்லாத மனிதரே கிடையாது. அந்த நீர் தங்கும் அறைகள் எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. ஸ்கேனில் மண்டை சாம்பல் நிற நீள்வட்டமாகத் தெரியும். நடுவே ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்தில் கருப்பாக நீர் அறை. அறையின் ஒரு சுவரில் ஒரு புள்ளி, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளி வைத்ததும் அளவு திரையின் ஓரத்தில் வந்து விழும். 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இயல்பு. 15-ஐத் தாண்டினால் கடுமை. இடைப்பட்ட அளவில்தான் வீட்டார் வீணாகப் பயப்படுகிறார்கள். 10 முதல் 12 வரை இருந்து, வேறு குறை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன. ஆகவே “தண்ணி இருக்கு” என்ற சொல்லோடு திரும்பாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர், கூட வேறு ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள்.

கேட்கத் தயங்க வேண்டாம். ஸ்கேனுக்கு முன் வாங்கும் கையெழுத்து, ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக. குறை இருந்தால் சொல்வதற்கு அந்தச் சட்டம் தடையில்லை.

ஸ்கேனில் தெரியும் குறை தண்ணி மட்டும் இல்லை. மண்டை ஓடு மேலே உருவாகாமல் போகும் குறை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதுகுத்தண்டு மூடாத குறையைத் தலையே காட்டிக்கொடுக்கும்: நெற்றி இருபக்கமும் உள்வாங்கி எலுமிச்சை வடிவம், சிறுமூளை வளைந்து வாழைப்பழ வடிவம். 1986-இல் லண்டனில் மருத்துவர் நிக்கோலாய்ட்ஸ் குழுவினர் எழுதிவைத்த அடையாளங்கள் இவை. இரண்டு அரைமூளைகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் ஏறக்குறைய 20 வாரத்தில்தான் முழு உருவம் பெறும். அதற்கு முன் பார்த்து ‘இல்லை’ என்று முடிவு கட்ட முடியாது.

சந்தேகம் இருந்தால் அடுத்து எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. மூளைக் குறை சந்தேகிக்கப்பட்ட 570 கருக்களை வைத்து பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. ஸ்கேன் மட்டும் 68 சதவீதம் சரியாகச் சொன்னது, எம்.ஆர்.ஐ. 93 சதவீதம். கிருமித் தொற்றுக்கு ரத்தமும், மரபணுவுக்குப் பனிக்குட நீரும் சோதிக்கச் சொல்லலாம். மாமன் மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில பரம்பரைக் குறைகள் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்போடு திரும்ப வரும்.

நம் ஊரில் பெரிய இடைஞ்சல் நாட்கணக்கு. அஞ்சாம் மாதம் புகுந்த வீட்டில் போய்விடும். ‘வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போனதும் பாத்துக்கலாம்’ என்று ஸ்கேன் தள்ளிப்போகும். ஏழாம் மாதத்தில் குறை தெரிந்து என்ன செய்வது? 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, கடுமையான குறை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் வழி உண்டு. விண்ணப்பித்த மூன்று நாளுக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த நேரத்தில் அது உடலுக்கும் மனசுக்கும் பாரம். ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். தாய்வீட்டுக்குப் போகும்போது எல்லா ரிப்போர்ட்டும் பையில் இருக்கட்டும்.

குறை தெரிந்தால் கலைப்பது ஒன்றே வழி என்றும் இல்லை. நீர் அடைப்புள்ள சில குழந்தைகளுக்குப் பிறந்ததும் குழாய் வைத்து வடிக்கலாம். அதற்கு மூளை அறுவை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்தை முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சில குறைகள் வரும் வாய்ப்பை முன்கூட்டியே குறைக்கவும் வழி உண்டு. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை ஆரம்பித்து, மூன்று மாதம் முடியும்வரை சாப்பிட வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குழாய் மூடாத குறை இருந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.