அச்சு முறிவதேன்?

வண்டியில் ஏற்றுவது மயிற்பீலியே யாயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்னும் கருத்தினை வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் உணர்த்தினார். பாரம் மிகுந்தவிடத்து அச்சு முறிதல் எவர்க்கும் விளங்குவதொன்று. பாரம் மிகாதிருந்தும் அச்சுக்கள் முறிந்தமையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியியலாளரை நெடுங்காலம் மயக்கிற்று.

1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, வேர்சாயில் நிகழ்ந்த அரசவிழாவைக் கண்டு பாரிசு நகருக்கு மீண்ட மக்களை ஏற்றிவந்த புகைவண்டியின் இயந்திர அச்சொன்று மெதோன் என்னுமிடத்தில் முறிந்தது. பின்வந்த பெட்டிகள் இயந்திரத்தின்மேல் ஏறித் தீப்பற்றின. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்முனைக் கடல்களை ஆராய்ந்து மீண்ட கடலோடி தூமொன் துர்வீல் என்பாரும் தம் மனைவியோடும் மகனோடும் அத்தீயிலே மடிந்தார்.

முறிந்த முகம் பளிச்சென்று மணிமணியாகத் தோன்றுவது கண்டு, நாராயிருந்த இரும்பு அதிர்ச்சியினாற் பளிங்குருவாக மாறிவிடுகிறது என்று அக்காலத்தார் பலர் கருதினர். உலோகம் தொடக்கத்திலேயே பளிங்குருவினது என்பதை நுணுக்குக்காட்டி பின்னர்க் காட்டிற்று. 1843இல், இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இராங்கின் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் முறிந்த அச்சுக்களை உற்றுநோக்கினார். அச்சின் பருமன் சடுதியாகக் குறையும் தோளிலே வெடிப்புத் தோன்றி, சிறிது சிறிதாக உள்ளே சென்றிருத்தலைக் கண்டார். அத்தோளினைக் கூரிய மூலையாக விடாது வளைவாக அமைத்தல் வேண்டுமென அவர் கூறினார். நூறு பக்கக் கணிதம் செய்யாததை இவ்வொரு நோக்குச் செய்ததென்பது எம் கருத்து.

இனி, காரணத்தை நோக்குவாம். மாட்டுவண்டியின் அச்சு சுழல்வதில்லை, சக்கரமே சுழலும். புகைவண்டியிலோ அச்சும் சக்கரமும் ஒன்றாய்ச் சுழல்வன. சக்கரங்களுக்குப் புறத்தே அச்சின் இரு நுனிகளிலும் பாரம் அமருமாயின், அச்சின் மேற்பக்கம் இழுவைக்கும் கீழ்ப்பக்கம் நெருக்கலுக்கும் உட்படும். அரைச் சுற்றில் மேற்பக்கம் கீழாகும், இழுவை நெருக்கலாகும். சக்கரத்தின் விட்டம் 1 மீற்றராயின் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 318 சுற்றுக்கள். இலக்கம் கிலோமீற்றர் ஓடினால் 3 கோடியே 18 இலட்சம் சுற்றுக்கள். கம்பியொன்றைக் கையால் இழுத்து அறுக்க மாட்டாத சிறுவன், அதனை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்து முறித்துவிடுகிறான் அன்றோ? இதனையே உலோகக் களைப்பு என்பர்.

இக்களைப்பினை எண்ணால் அளந்தவர் பிரசிய நாட்டுப் புகைவண்டிப் பொறியியலாளர் ஒகுஸ்து வோலர். அவர் முதலிற் செய்தது சோதனையன்று. ஓடும் வண்டியின் அச்சிலே கருவி பொருத்தி, அது மெய்யாகத் தாங்கும் விசையை அளந்தமையேயாம். நம் பரீட்சை வினாக்களிலே விசை தரப்படும். பருமனைக் காண்பதே மாணவன் வேலை. தொழிலிலோ விசையைக் காண்பதே பாதிக்கு மேற்பட்ட வேலை. பின்னர், கோல்களைச் சுழற்றி வளைக்கும் பொறியமைத்து வோலர் ஆண்டுக்கணக்காகச் சோதித்தார். தகைப்புக் குறையக் குறைய முறிவதற்கு வேண்டிய சுற்றுக்கள் பெருகின. ஓர் எல்லைக்குக் கீழே, எத்துணை முறை சுழற்றினும் இரும்பும் உருக்கும் முறிந்தில. உச்சத் தகைப்பினும் அது ஏறியிறங்கும் வீச்சே முறிவினைப் பெரிதும் தீர்மானிப்பதென 1870 அளவில் அவர் நிறுவினார்.

அங்ஙனமாயின் அச்சைத் தடிப்பாக்கினாற் போதாதோ எனின், ஓரளவு போதும். வளைவினால் எழும் தகைப்பு விட்டத்தின் கனத்துக்கு நேர்மாறாக மாறும். 100 மில்லிமீற்றர் விட்டத்தை 110 ஆக்கினால் தகைப்பு நான்கிலொரு பங்கு குறையும். ஆயின், தோளைக் கூர்மையாக விட்டால் அவ்விடத்துத் தகைப்பு இருமடங்கிற்கு மேலும் உயரக்கூடும். ஈட்டியதினும் இழந்தது மிகுதியாகும். இழுக்கப்படும் அகன்ற தகட்டிலுள்ள சிறு வட்டத் துளையின் விளிம்பிலே தகைப்பு மும்மடங்கென 1898இற் கேர்சு கணித்தார். துளை இழுவைக்குக் குறுக்காக நீண்டு ஒடுங்குமாயின் அது மேலும் உயருமென 1913இல் இங்கிளிசு காட்டினார். வெடிப்பென்பது மிக ஒடுங்கிய துளையே. ஆதலாலன்றோ, வெடித்த தகட்டிலே வெடிப்பின் நுனியில் வட்டத் துளையொன்று இட்டு அதன் ஓட்டத்தைத் தடுக்கின்றனர். பொருளை நீக்கி வலுவைக் கூட்டும் இவ்வித்தை, காரணம் அறியாதார்க்குப் பித்தாகவே தோன்றும்.

இவை யாவும் அறிந்த காலத்திலும் 1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரிலிலும் இரண்டு கொமெற் விமானங்கள் இத்தாலியை அடுத்த கடலில் வீழ்ந்தன. அவ்வகை விமானமொன்றை நீர்த்தொட்டியில் வைத்து, பறக்குந்தோறும் உண்டாகும் உள்ளமுக்கத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினர். முன் பறந்தவற்றையும் சேர்த்து 3,057ஆம் முறையில், திறப்பொன்றின் மூலையருகே உடல் கிழிந்தது. ஆக்கியோர் முன்னர்ச் சோதித்த பகுதியோ ஏறத்தாழ 18,000 முறை தாங்கியிருந்தது. வேறுபாடு யாதெனின், அப்பகுதியை முதலில் வேலையமுக்கத்தின் இருமடங்கிற்கு உட்படுத்தியிருந்தனர். அம்மிகைச் சுமையால் மூலைகளிலுள்ள உலோகம் சிறிது நெகிழ்ந்து, சுமை நீங்கியபின் நெருக்கலுற்று நின்றது. அந்நெருக்கல் பின்வந்த இழுவையை ஈடுசெய்து, களைப்பினைத் தள்ளிப்போட்டது. பறந்த விமானங்களின் மூலைகளுக்கு அக்காப்பு வாய்க்கவில்லை. வலுச்சோதனைக்கு ஒன்றும் களைப்புச் சோதனைக்கு வேறொன்றுமாக உடல்களை ஒதுக்கும் வழக்கம் அதன்பின் வேரூன்றிற்று.