ஆதனவரிப் பற்றுச்சீட்டு காணி உறுதி ஆகாது

வாப்பாவின் பெயரில் அச்சுவேலியில் ஒரு துண்டுக் காணி. பிள்ளைகள் புத்தளத்திலும் கொழும்பிலும். இப்படியான குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை வருடமாக வரி கட்டவில்லையே, காணி போய்விடுமா?"

முதலில் எங்கே போவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அச்சுவேலி, வலிகாமம் கிழக்கு பிரதேச சபையின் கீழ் வருகிறது. சபையின் தலைமையகம் புத்தூரில். கோப்பாய் பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. இதைக் குழப்பிக்கொண்டு அரை நாளைத் தொலைப்பவர்கள் அதிகம். கிராம அலுவலரின் அத்தாட்சி, அரச காணி விடயங்கள் பிரதேச செயலகத்தில். ஆதனவரி, கட்டட அனுமதி, உள்ளூர் வீதி, தெருவிளக்கு, குப்பை அகற்றல் பிரதேச சபையில்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, காணியின் விற்பனை விலைக்கு வரி விதிக்கப்படுவதில்லை. அதை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமதியில் ஒரு வீதமே வரி. பெறுமதி 20,000 ரூபா, வீதம் 5 என்று வைத்துக்கொண்டால் வரி 1,000 ரூபா; காலாண்டுக்கு 250. முழுத் தொகையையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 சதவீதம். மதிப்பீடு கூடிவிட்டது என்று நினைத்தால் வீட்டிலிருந்து முணுமுணுத்துப் பயனில்லை. அறிவித்தலில் குறிப்பிட்ட திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்.

இனி அந்தக் கேள்வி. வரி கட்டாததால் மட்டும் உரிமை போகாது. நிலுவை சேரும், மேலதிகச் செலவும் சேரும், அறவிடச் சபை சட்ட நடவடிக்கை எடுக்கலாம். அதேபோல், வரி கட்டியதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடவும் முடியாது. உரிமைக்கு ஆதாரம் காணி உறுதியும் காணிப் பதிவகத்தின் பதிவும்தான்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. வேறொருவர் உங்கள் காணியில் 10 வருடங்கள் தடையின்றி, உங்கள் உரிமையை ஏற்காமல் இருந்துவிட்டால், ஆட்சியுரிமை கோர நமது சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒரு வழக்கில், யார் பெயரில் வரி கட்டப்பட்டது என்பதும் ஒரு சான்றாக முன்வைக்கப்படும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமக்கு இது எவ்வளவு பாரதூரமானது என்று சொல்லத் தேவையில்லை. போரால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க வழி தந்தது. வழக்குத் தொடரக் கிடைத்த அவகாசமோ இரண்டு ஆண்டுகள். நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது காதில் விழுந்தது? யாராவது காணியில் இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த பெருநாள் லீவு வரை காத்திருக்காமல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

இன்னொரு தவறும் நடக்கிறது. உறுதி எழுதிப் பதிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். சபையின் வரிப் பதிவேட்டில் பெயர் தானாக மாறாது. உறுதிப் பிரதி, வரைபடம், நிலுவையில்லை என்பதற்கான பற்றுச்சீட்டு ஆகியவற்றுடன் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிவித்தல்கள் மர்ஹூமான வாப்பாவின் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். ஆட்சேபிக்கும் தவணையும் கடந்துவிடும்.

வெறுங்காணி என்றாலும் கவனம் வேண்டும். பற்றை மண்டி, சிரட்டையில் தண்ணீர் தேங்கினால், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் உரிமையாளரைத்தான் தேடும். புத்தளத்தில் இருக்கிறோம் என்பது பதிலாகாது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் செயலாளர்களே நிர்வகித்தனர். 2025 மே 6 தேர்தலுக்குப் பின் மீண்டும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தெருவிளக்கோ, குப்பையோ, வரிப் பிரச்சினையோ, எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரித் துண்டு வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் எறிய வேண்டாம். அதிலுள்ள வரி இலக்கம் இருந்தால் பதிவேட்டில் காணியைத் தேடுவது சுலபம்.